பஜ்ஜி தின்னாதவருக்கே பரிசு

ஏற்காடு கோடை விழாவில் நாடகப் போட்டி நடந்த காலத்தில், மேடைக்குப் பின்பக்கம் பஜ்ஜிக் கடை போட்டிருந்தவர் குப்பாயி அக்கா. எண்பதுகளின் தொடக்கம் என்று நினைவு. ஏரிக்கரை மைதானத்தில் கொட்டகை போட்டு, நாளுக்கு ஒரு ஊர்க் குழு வந்து நடிக்கும். சிறந்த நடிகர் பரிசு வாங்கியவரின் நாடகத்தைக் கடைசி நாள் மறுபடியும் போடுவார்கள். சாயங்காலம் பனி இறங்கினால் சனங்களுக்கு மிளகாய் பஜ்ஜி வேண்டும். ஆகவே அடுப்பேறிய எண்ணெய்ச் சட்டி நாடகம் முடிந்துதான் இறங்கும்.

இதில் உள்ள அநியாயத்தைக் கேளுங்கள். இந்த மலையிலேயே பெரிய நாடகப் பைத்தியம் குப்பாயி அக்காதான். ஓட்டல் சமையற்காரரைக் கட்டிக்கொண்டு சேலத்திலிருந்து மலையேறி வந்தவர்; புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகக் கடை நடத்தினார். திருவிழா, பண்டிகை, சினிமா எதற்கும் கடையை அடைக்காதவர், நாடகம் என்றால் மட்டும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிடுவார். ஆனால் ஒரு நாடகத்தையும் முன்னாலிருந்து பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் படுதாவின் பின்பக்கமும் நடிகர்களின் முதுகும்தான். ராஜா அழுதால் தோள் குலுங்குவது தெரியும், கண்ணீர் தெரியாது. "மூஞ்சி எப்படிங்க இருந்துச்சு?" என்று நாடகம் முடிந்ததும் எங்களைப் பிடித்துக்கொள்வார்.

நாங்கள் என்றால் நானும் சூசைமாணிக்கமும். நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். சூசை மஞ்சக்குட்டை கிராமத்துக்கு ஜீப் ஓட்டுபவர். இரண்டு பேரும் சேலத்துப் பத்திரிகை ஒன்றில் 'திரைவிலக்கி' என்ற பெயரில் எழுதிவந்த விமர்சகருக்கு அடிமைகள். யாருக்கு என்ன பரிசு கிடைக்கும் என்று அவர் முன்கூட்டியே கணித்து எழுதுவார். சூசை அதை ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டுவார். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் பத்திரிகை படித்தால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

அந்த வருஷம் சிறந்த நடிகர் சந்திரகாந்தன்தான் என்று திரைவிலக்கி அடித்துச் சொல்லியிருந்தார். நல்ல உயரம், கணீர்க் குரல், சும்மா நடந்து வந்தாலே கைதட்டல் விழும்.

"அவருக்குக் கெடைக்காதுங்க," என்றார் குப்பாயி அக்கா, மிளகாயை மாவில் புரட்டியபடி.

"ஏனுங்கக்கா?" என்றார் சூசை.

"மேடையேறதுக்கு முந்தி ஒரு தட்டு பஜ்ஜி தின்னுபோட்டு, இன்னொரு தட்டு கேட்டாருங்க. பயமில்லாத ஆளுக்கு நடிப்பு எங்கிருந்து வரும்? அந்த ஆட்டையாம்பட்டிக் குழு வேலுசாமியப் பாருங்க. ஒரு வாய் எறங்கலை. கை நடுங்கி பஜ்ஜி கீழ உளுந்துபோச்சு. அவருக்குத்தானுங்க பரிசு."

சூசை சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பெரிய விமர்சகரு பேப்பர்ல எழுதறாரு. நீங்க வடச்சட்டிய வெச்சுக்கிட்டு ஜோசியம் சொல்றீங்க!"

"அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்றாருங்க. நான் வவுத்தப் பாத்துச் சொல்றேன்."

"அப்படீன்னா நடிகைங்க ஒருத்தருமே திங்கறதில்லையே, அத்தனை பேருக்கும் பரிசா?" என்று நான் மடக்கினேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "உதட்டுச் சாயம் போயிருமின்னு அவங்க எப்பவும் திங்கறதில்லீங்க. பொம்பளைங்க கணக்கு எனக்கு இன்னும் புடிபடலை," என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குள் கடையைச் சுற்றிப் பத்திரிகைக் கட்சி, பஜ்ஜிக் கட்சி என்று இரண்டு கட்சி கட்டிவிட்டார்கள். செம்மநத்தத்திலிருந்து நாடகம் பார்க்க வந்த சித்தன் என்ற விவசாயி, நாடகத்தையே மறந்து பஜ்ஜிக் கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். சந்திரகாந்தன் ஜெயித்தால் கடைசி நாள் அக்கா எல்லோருக்கும் ஓசியில் பஜ்ஜி போடவேண்டும் என்று சூசை பந்தயம் கட்டினார்.

"வேலுசாமி ஜெயிச்சுப்போட்டா?" என்று கேட்டார் சித்தன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "கடைசி நாளு டிரைவரு கடையப் பாத்துக்கோணும். நான் முன்னால உக்காந்து நாடகம் பாக்கோணும்," என்றார்.

அந்தக் குரலில் விளையாட்டே இல்லை. நான் பத்திரிகைக் கட்சிக்காரன்தான். இருந்தாலும் திரைவிலக்கி மண்ணைக் கவ்வவேண்டும் என்று அப்போதே மனசுக்குள் கட்சி மாறிவிட்டேன்.

நடுவர்கள் வேலுசாமியின் பெயரை வாசித்தபோது அக்கா போட்ட கூச்சலில் அடுத்த கடைக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடி வந்தார். சூசையின் முகம் நமத்துப்போன அப்பளமாகிவிட்டது.

கடைசி நாள் வந்தது. அரக்குச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம் என்று கல்யாணத்துக்கு வந்தவர் போல முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார் அக்கா. டீ வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை. "ஊட்டுலயே ஒண்ணும் திங்கலீங்க ரைட்டரே. தொண்டையில எறங்கினாத்தானே?" என்றார்.

நாடகத்தில் வேலுசாமி ஒரு விவசாயி. வெள்ளத்தில் வெள்ளாமை எல்லாம் போய், பசியோடு நடந்தே மகள் வீட்டுக்கு வருகிறார். போட்டியன்று அந்தக் கட்டத்தில் கொட்டகையே அழுதது. இன்று அவர் வந்த நடையே சரியில்லை. பரிசு வாங்கிய தெம்பில், மாமியார் வீட்டு மாப்பிள்ளை போல வந்து நின்றார்.

"மூணு நாளாச்சு கண்ணு... ஒரு வாய் சோறு உள்ள போகலை..." என்று தொடங்கினார்.

அப்போது வந்தது ஒரு ஏப்பம். எதிரில் இருந்த மைக் அதை வாங்கி ஏரிக்கு அக்கரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கொட்டகை குலுங்கிச் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த நாற்காலி சாய்ந்து விழுந்தது. பார்த்தால், அக்கா எழுந்து நிற்கிறார்.

"ஏனுங்க டிரைவரே! இவருக்கு யாருங்க பஜ்ஜி குடுத்தது?"

படுதாவுக்குப் பின்னாலிருந்து சூசையின் பதில் வந்தது: "ஜெயிச்ச ஆளாச்சேன்னு ஆசையா நாந்தானுங்கக்கா குடுத்தேன்! நொம்ப நல்லா இருக்குதுன்னு சொன்னாருங்க!"

இனிச் சிரிக்க ஆள் பாக்கி இல்லை. வேலுசாமி விழித்தார். தெம்பெல்லாம் போய், அன்று பஜ்ஜியைத் தவறவிட்ட அதே கை மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. மெல்ல மேடை விளிம்புக்கு வந்து, அக்காவுக்கு நேராக மண்டியிட்டார்.

"திருடித்தானுங்க தின்னேன். பசி பொறுக்கலீங்கம்மா. எம்மவகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

சிரிப்பு நின்றுபோனது. கண்ணில் தண்ணீர் நிறைந்து, உதடு கோணி, அவமானத்தில் குன்றிப்போயிருந்தது அந்த முகம். அக்காவுக்கும் அதற்கும் நடுவில் யாருமில்லை. மொத்தக் கூட்டமும் அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று திரும்பிப் பார்த்தது.

"தின்னுங்க சாமி," என்றார் அக்கா. "இன்னும் வேணாலும் தின்னுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு விழுந்து கிடந்த நாற்காலியைக்கூட நிமிர்த்தாமல் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. அதற்குப் பிறகு வேலுசாமி நடித்த நடிப்பைப் போல நான் எங்கும் பார்த்ததில்லை. திரை விழுந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூஞ்சியப் பாத்துட்டேனுங்க ரைட்டரே, பாத்துட்டேன்!" என்று குதித்தார்.

அந்த வாரப் பத்திரிகையைச் சூசை கடைக்கே கொண்டுவந்து வாசித்தார். 'பார்வையாளர் நடுவே ஒரு நடிகையை அமர்த்திப் பேசவைத்த புதுமையைத் தமிழ் மேடை இதுவரை கண்டதில்லை,' என்று திரைவிலக்கி எழுதியிருந்தார். 'அந்த அம்மையார் போட்டியில் இருந்திருந்தால், சிறந்த நடிகை அவரே என்று கணித்திருப்பேன்.'

"இந்தாளு எப்பத்தானுங்க சரியாச் சொல்லியிருக்காரு? நான் எங்கீங்க நடிச்சேன்?" என்றார் அக்கா.

சூசை விடவில்லை. "ஏனுங்கக்கா, அன்னைக்குப் பூராவும் நீங்க ஒரு வாய் திங்கலையாமே, ரைட்டரு சொன்னாரு. உங்க கணக்குப்படி பாத்தாலும் பரிசு உங்களுக்குத்தானுங்க!"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மிளகாயை எண்ணெயில் போட்டார். காதுவரைக்கும் சிரிப்பு ஓடியது தெரிந்தது.

"பொம்பளைங்க கணக்கு எனக்குப் புடிபடலைன்னு அன்னைக்கே சொன்னனுங்களே," என்றார்.