ஆமென் வரும்வரை

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆமென் வரும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, போன் அடித்தாலும் சரி. அம்மா இதில் ரொம்பக் கண்டிப்பு. திறந்து திறந்து மாட்டிக்கொள்கிறவன் எப்போதும் நான்தான்.

பசுமலைக்குக் கீழே வாடகை வீட்டில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையார் கொஞ்சப் பேர் வருவார்கள். பாய் விரித்து உட்கார்ந்து பாடுவோம், ஜெபிப்போம், அப்புறம் சுண்டல். இம்புட்டுதான். எதிர்வீட்டு அண்ணனுக்கு மட்டும் இது ஆகவில்லை. ஒரு நாள் காலையில் என் வண்டியை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஆளச் சேத்துவச்சு மதம் மாத்துற சோலி இந்தத் தெருவுல வேணாம். இந்த வெள்ளிக்கிழம பாட்டுச் சத்தம் கேட்டுச்சுன்னா, உள்ள வந்து சாமான அள்ளி ரோட்டுல போட்டுருவேன். ஒங்க ஓனர்ட்டயும் பேசப் போறேன்."

இந்த வீடு கிடைக்க நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. எனக்கு ரத்தம் கொதித்தது. அடுக்களையில் நின்று மூச்சுவிடாமல் திட்டம் போட்டேன். ஸ்டேஷனில் புகார், போனில் வீடியோ, ஒன்றும் இல்லாவிட்டால் வாசல் கதவையாவது தாழ் போட்டுக்கொள்வது.

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்புட்டு யோசிச்சியே, ஆண்டவர்ட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"அவருக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். நீ சொல்லணும்ல? போ, போயி கடலைய ஊறப்போடு."

வெள்ளிக்கிழமை கதவு திறந்தே கிடந்தது. தாழைத் தொடக்கூட அம்மா என்னை விடவில்லை. பாட்டு வழக்கத்தைவிட வேகமாக ஓடி முடிந்தது. எல்லோருக்கும் உள்ளுக்குள் உதறல் இருந்திருக்க வேண்டும். பிறகு பெரியம்மா ஜெபத்தைத் தொடங்கினார். சொந்தப் பெரியம்மா இல்லை, சபைக்கே பெரியம்மா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஜெபத்துக்கு வருகிறவர்கள் வீட்டில் குக்கரை அணைத்துவிட்டு வருவது நல்லது.

செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் எதிர்வீட்டு அண்ணன்.

"ஏய், நிறுத்துங்க! சொன்னா கேக்க மாட்டீங்களா?"

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. பெரியம்மாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அண்ணன் இன்னொரு தடவை கத்தினார். சண்டை போட எதிரே ஒரு முகமாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! தேடிப் பார்த்தவருக்கு அகப்பட்டவை, மெல்லத் திறந்துகொண்ட என் கண்கள்தான்.

"தம்பி, அந்தம்மாவ நிறுத்தச் சொல்லு."

"நடுவுல நிறுத்த முடியாதுண்ணே."

"எப்ப முடியும்?"

"தெரியலண்ணே. இப்பத்தான் ஆஸ்பத்திரியில கெடக்குறவங்களுக்கு வந்திருக்காங்க. இனி மழ, வெள்ளாம, பரீட்ச எழுதுற பிள்ளைக, முதலமைச்சர், பிரதமர் எல்லாம் இருக்கு."

"பிரதமருக்குமா?"

"வாராவாரம்ணே."

நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒரு கால் மாற்றி மறு கால் ஊன்றினார். நாங்கள் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது அவருக்கு உறைத்ததா தெரியாது. அதற்குள் பெரியம்மா மழைக்கு வந்து, திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்களெல்லாம் நிறையட்டும் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடியட்டும், பெறகு பேசிக்கிறேன்" என்று அண்ணன் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஒரு பாயைக்கூடத் தொடவில்லை. அன்று திரும்பி வரவும் இல்லை.

ஆமென் வந்ததும் துள்ளிக்கொண்டு எழுந்தேன். "அம்மா, வந்தாரு! நின்னாரு! போயிட்டாரு!"

"அப்ப கண்ணத் தொறந்துட்ட."

சுண்டல் தட்டை வாங்கப் போனபோதுதான் தெரிந்தது. அம்மாவின் விரல்கள் ஐஸாகக் குளிர்ந்திருந்தன.

"பயந்துட்டியாம்மா?"

"பின்ன? பயமில்லாட்டி ஆண்டவர எதுக்குடா கூப்பிடுறேன்?"

வீட்டு ஓனர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லவும் சொல்லலாம். எதிர்வீட்டு அண்ணன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வருகிற வெள்ளிக்கிழமையும் கூட்டம் இருக்கிறது, கதவும் திறந்துதான் இருக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம் என்றிருக்கிறேன்.