தறி ஓடிய வீட்டுப் பிள்ளை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதைவிட மோசமான குணம் ஒன்றும் உண்டு. நான் சொன்ன யோசனையை நாலு பேர் பாராட்டிவிட்டால், அப்புறம் அதில் யார் குறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்களுக்கு நடுவே இருந்த ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சராக இருந்தபோது, இந்த இரண்டாவது குணத்தால் ஒரு குழந்தை வயிறு காய்ந்தாள். அவள் என் வகுப்புப் பிள்ளை.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டிய பட்டு நூல் வரவில்லை. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பள்ளி நடக்கும் நாளென்றால் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்துவிடும். லீவு விட்டால் அதுவும் போய்விடுமே என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடிப் பேசி, மே மாதம் முழுக்க மூன்று பள்ளிக்கூடங்களில் ஒரு வேளை சாப்பாடு போடுவதென்று முடிவு செய்தார்கள். எங்கள் பள்ளிக்கு நான் பொறுப்பு. கப்பலில் வந்த கோதுமை ரவையில் உப்புமாவும், பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சிய பாலும்தான் சாப்பாடு.

வந்து இறங்கிய மூட்டைகளை எண்ணிப் பார்த்தேன். யானைப் பசிக்குச் சோளப் பொரி. எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டால் பத்து நாள்கூடத் தாங்காது. அதனால் தறி நின்றுபோன வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அட்டை கொடுப்பது, அட்டை இருந்தால்தான் சாப்பாடு என்று கூட்டத்தில் பேசினார்கள். எந்த வீட்டில் தறி நின்றிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்த் தறியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் ஒருவர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கஷ்டப்படுற வீட்டுக்குள்ள நுழைஞ்சு, ஒன்னோட தறியக் காட்டு, அடுப்பக் காட்டுன்னு கேக்கறதா? அதுக்குச் சோறே போட வேணாம்" என்றேன். பிறகு என் யோசனையைச் சொன்னேன். காலை பத்து மணிக்குத் தெருவில் நடந்து போனால் போதும். தறிச் சத்தம் கேட்கிற வீட்டை விட்டுவிடலாம். கேட்காத வீட்டுக் கதவை மட்டும் தட்டி, சத்தமில்லாமல் அட்டையைக் கொடுத்துவிட்டு வரலாம். யாரையும் ஒரு கேள்வி கேட்க வேண்டாம். எல்லோரும் தலையாட்டினார்கள். "டீச்சரம்மாவுக்கு எவ்ளோ நல்ல மனசு பாரு" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

நான் தென்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். மதகில் விழும் தண்ணீரின் சத்தத்தை வைத்தே ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் காது எனக்குப் பொய் சொன்னதில்லை. எங்கள் சமையல்காரம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். அந்தம்மாவும் மாகறலில் நாற்று நட்டுக்கொண்டிருந்து டவுனுக்கு வந்தவர்தான்.

ஒரு தெருவில் பாதி வீடுகளில் சத்தமே இல்லை. கடைசிக்கு முந்தின வீட்டில் மட்டும் தறி நன்றாக, கணீர் கணீரென்று ஓடிக்கொண்டிருந்தது. என் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீடு அது. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லும் கெட்டிக்காரி. அவளுடைய அப்பா தெருவில் மதிப்பானவர். அண்ணன் தம்பி வழக்கு, பாகப் பிரிவினை என்று எது வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய கைக்கு எப்படியோ நூல் கிடைத்திருக்கிறது என்று நினைத்து, அந்தக் கதவைத் தட்டாமல் தாண்டிப் போனேன். அவளுக்காகச் சந்தோஷமும் பட்டேன்.

சாப்பாடு ஆரம்பித்த நாலாம் நாள் அவள் பள்ளிக்கு வந்தாள். வரிசையில் நிற்கவில்லை. வேப்ப மரத்தடியில் நின்று, தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, அட்டை இருக்குதா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"உங்க வீட்லதான் தறி ஓடுதே?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அன்றைக்கு நான் படிக்கவில்லை. பிறகு எத்தனையோ முறை படித்துவிட்டேன்.

"ஆமா டீச்சர். ஓடுது" என்றாள்.

"அப்புறம் இன்னா? தறி நின்ன வீட்டுப் பசங்களுக்குத்தான் இது. அவங்க வாயில மண்ணப் போடலாமா? வீட்டுக்குப் போ."

அவள் போய்விட்டாள். கரண்டியைப் பிடித்தபடி நின்ற சமையல்காரம்மா, "ஏம்மா, ஒரு கரண்டி போட்டா கொறஞ்சா பூடும்? கொயந்த மூஞ்சே சரியில்ல" என்றார்.

"இன்னிக்கு இவளுக்குப் போட்டா நாளைக்கித் தெருவே வந்து நிக்கும். ரவ மூட்ட உங்க வீட்ல இருந்தா வருது?" என்றேன். அந்தம்மா அடுத்த பிள்ளையின் தட்டை வாங்கினார்.

ஆனால் அவள் வருவதை நிறுத்தவில்லை. தெருப் பிள்ளைகள் சாப்பிட வரும்போது கூடவே வருவாள். அவர்கள் உட்கார்ந்ததும் குழாயடிக்குப் போய், இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீர் குடிப்பாள். நிறையக் குடிப்பாள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். வயிறு நிறைந்த பிள்ளை வேடிக்கை பார்க்க வருகிறது என்று நினைத்தேன். ஒருநாள், "லீவுல வீட்ல இருக்க மாட்டியா நீ?" என்று அதட்டியும் விட்டேன். கத்திரி வெயிலில் நாற்பது ஐம்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டியதில் எனக்கு எரிச்சல். இப்போது சமாதானம் சொல்லி என்ன பயன்? அதட்டினேன் என்பதுதான் உண்மை.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது இரண்டு நாளாக அவளைக் காணவில்லை. மூன்றாம் நாள், அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தன் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நூல் இழைத்துப் பிழைப்பவள். பையன்களைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டீச்சர், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்தப் பொண்ணு மூணு நாளைக்கு முன்னாடி இங்கிருந்து வரும்போதே தெருவுல மயங்கி உக்காந்துட்டா. அவங்க வீட்ல ஒரு வேள கஞ்சிதான் ஓடிக்கினு இருக்குது. அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"தறி ஓடுதே. நானே கேட்டேனே."

"அது வெறுந்தறி டீச்சர்."

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். பாவு நூல் கட்டிய தறியில், ஊடை நூலை நெருக்கும் பலகையை இழுத்து அடித்தால் அடி துணிமேல் விழும். சத்தம் அமுங்கித்தான் வரும். கணீரென்று கேட்டால் கட்டைமேல் கட்டை இடிக்கிறது என்று அர்த்தம். ஒரு இழை நூல்கூட இல்லாத தறியில் உட்கார்ந்து, காலை முதல் சாயங்காலம் வரை அந்த மனிதர் பலகையை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்போ தெருவுல எல்லாருக்கும்..."

"பொறந்ததுல இருந்து தறிச் சத்தத்துலயே கெடக்கறோம். எங்களுக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்."

"ஒருத்தர் கூடவா என்கிட்ட சொல்லல?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எப்படி சொல்றது டீச்சர்? எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அவரு அடிக்கறாரு."

மாதம் முழுக்க அந்தத் தெரு அவரிடம் "இன்னாபா, வேல ஜாஸ்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததாம். அவரும் ஆமாம் என்றிருக்கிறார். அத்தனை பேரும் சேர்ந்து ஒரு மனிதனின் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை நம்பியவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் "ஓடுது" என்று என் முன்னால் சொன்ன அந்தப் பிள்ளைக்கு வயது எட்டு.

அன்று மத்தியானமே அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் நின்றது. அவர் வந்து கதவை ஒருக்களித்து, வழியை மறைத்தபடி நின்றார். தோள் எலும்பு தெரிந்தது. நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது.

அட்டை என் முந்தானைக்குள் இருந்தது. அதை எடுத்தால் என்ன ஆகும் என்று அவர் முகமே சொன்னது. எடுக்கவில்லை. "லீவுல வாய்ப்பாடு வராத பசங்களுக்கு கிளாஸ் வெச்சிருக்கேன். உங்க பொண்ணையும் அனுப்புங்க. மத்தியானம் ஆயிடும், அங்கயே சாப்ட்டுட்டு வரட்டும்" என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அது.

தன் மகள் வகுப்பில் முதல் என்பது அவருக்குத் தெரியாதா? தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஆமாம்மா. அவளுக்கு வாய்ப்பாடு சுத்தமா வராது. நாளைக்கி அனுப்பறேன்."

மறுநாள் சிலேட்டோடு வந்தாள். தலை வாரி, பின்னல் போட்டு, பொட்டு வைத்து அனுப்பியிருந்தார்கள். பேருக்கு நாலு கணக்குப் போடச் சொன்னேன். எல்லாம் சரியாகப் போட்டாள். சமையல்காரம்மா மற்றவர்களுக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, தட்டு நிறைய உப்புமாவை வைத்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வாயை வேகமாகத்தான் எடுத்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"சாப்டும்மா. எவ்ளோ வேணும்னாலும் போடறேன்" என்றேன். என் குரல் கெஞ்சியது. அதற்கு முன் எந்தப் பிள்ளையிடமும் நான் கெஞ்சியதில்லை.

இன்னொரு வாய்க்கு முயன்று பார்த்தாள். முடியவில்லை. தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்திவிட்டு, தப்பு செய்த பிள்ளை போலச் சொன்னாள்:

"திட்டாதீங்க டீச்சர். சாப்டணும்னுதான் இருக்குது. உள்ள போவ மாட்டேங்குது."