தோணிப் பாயில் தைத்த வெள்ளைக் கவுன்

மெழுகு தேய்த்த நூலின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கூடவே தோணிக்குப் பூசுகிற கீலும் மீன் எண்ணெயும் கலந்த வாடை... அதுதான் எங்கள் அப்பாவின் வாசனை.

அப்பா தூத்துக்குடிக் கடற்கரையில் தோணிகளுக்குப் பாய் தைப்பவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பாய்மரத் தோணிகள்.

யுத்தகாலம் அது. அரிசிக்குக் கார்டு, சீனிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்குக் கார்டு. துணி மட்டும் எதைக் காட்டினாலும் கிடைக்காது.

அதற்காக அழுதுகொண்டே கிடந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். கேப்பைக் கூழுக்கு ஒரு சுட்ட கருவாடு இருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் விருந்து. ஒரே ஒரு அவித்த பனங்கிழங்கை அம்மா நாலாகப் பிய்த்துத் தருவாள். நடுவில் இருக்கிற இளங்குருத்து யாருக்கு என்று எனக்கும் தம்பிக்கும் அடிதடி நடக்கும்...

அந்த வருடம் எனக்குப் புது நன்மை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனாலும் செபமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் செபம் சொல்லித்தந்த உபதேசியார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"வெள்ள உடுப்பு இல்லாத புள்ளைய அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

என்னிடம் இருந்தது ஒரு பச்சைப் பாவாடை. அதுவும் பாதி நரைத்தது.

அப்பாவின் அக்கா இசபெல் மாமி கொஞ்சம் வசதியானவள். அவள் மகள் முந்தின வருடம்தான் தன் புது நன்மைக்கு ஒரு நாள் வெள்ளைக் கவுன் உடுத்தியிருந்தாள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள்.

"ஒரு நாளைக்குத்தான் மைனி. துவைச்சு மடிச்சுத் தந்துருதேன்."

"அதையா கேக்க? அது பூச்சி அரிச்சு எப்பமோ போச்சுளா."

மாமிக்குப் பின்னால் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஆணியில் அந்தக் கவுன் தொங்கியது. லேஸ் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நான் பார்த்தேன். நான் பார்த்ததை மாமியும் பார்த்தாள்.

மாமி செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தத்தான் செய்கிறேன். ஆனால் அதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா, தோணிக்காரர் வேண்டாம் என்று கழித்துப் போட்ட பாய்த்துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அதை அழுக்கெடுக்கிற உவர்மண் கரைத்த தண்ணீரில் வேகவைத்து, கல்லில் அடித்து, நாலு நாள் கடற்கரை வெயிலில் காயப்போட்டாள். வெளுத்துவிட்டது. ஒரே ஒரு கீல் கறை மட்டும் போகவில்லை. அதை மடிப்புக்குள் ஒளித்து வெட்டினாள்.

தைக்க உட்கார்ந்தால் ஊசி இறங்கவில்லை. இரண்டு ஊசி ஒடிந்தது.

"தள்ளுளா. இது ஒன் ஊசிக்கு மசியாது" என்று அப்பா ஊசி குத்தாமலிருக்க உள்ளங்கையில் தோல்பட்டையைக் கட்டிக்கொண்டு, பாய் தைக்கிற பெரிய ஊசியை எடுத்தார். தன்பாட்டில் ராகம் இழுத்துக்கொண்டே தைத்து முடித்தார்.

போட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் கனத்தது. அம்மா குனிந்து தடவிப் பார்த்தாள்.

"இந்தாருங்க, அடியில என்னத்த வச்சுத் தச்சிருக்கிய?"

"ஓரக்கயிறு. கயிறு இல்லன்னா காத்துல பாய் ஓரம் கிழிஞ்சிருமே."

"ஏன், புள்ள கொழும்புக்கா போறா? கோயிலுக்குல்லா போறா!"

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பழகிய கை, தன் வழக்கத்தில் செய்துவிட்டது. பிரித்தால் துணி தாங்காது. விடிந்தால் பூசை.

அப்படியே போனேன். ஒவ்வொரு எட்டுக்கும் சரக் சரக்கென்று சத்தம்.

"ஏளா, பாய் விரிச்சு வாரா பாரு! எந்தக் காத்துக்கு ஓடுத?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நான் முழங்கால் போட்டேன்... கவுன் நின்றுகொண்டே இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அதுவும் மடங்கியது. ஆனால் நன்மை வாங்கிவிட்டேன். அடுத்த வருடம் என்று யாரும் என்னைத் தள்ளவில்லை.

பூசை முடிந்து கோயிலைச் சுற்றிப் பவனி. கச்சான் காற்று கடும் வேகத்தில் அடிக்கிற மாதம். கை குவித்து நடக்க வேண்டிய பிள்ளைகள் எல்லாம் பறக்கிற கவுனை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு தத்தளித்தார்கள். என் கவுன் அசையவில்லை. நான் கை குவித்தபடி நேராக நடந்தேன்.

"இந்தப் புள்ளையப் பாருங்க, எவ்வளவு அடக்கமா நடந்து வாரா!" என்றார் உபதேசியார்.

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். இசபெல் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்... அதைத்தான் நான் நன்றாகப் பார்த்தேன்.

பிறகு, நன்மைக்காக இரவிலிருந்து காய்ந்து கிடந்த வெறும் வயிற்றுக்கு ஒரு பன்னும், சீனி போட்ட காப்பியும் தந்தார்கள். கருப்பட்டிக் காப்பி இல்லை, சீனிக் காப்பி! பாதிப் பன்னைத் தம்பிக்கென்று கைக்குள் பொத்திக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் எதுவும் ஒரு வேலையோடு ஓய்வதில்லை. சில மாதம் கழித்து, அப்பா வேலை பார்க்கிற தோணி ஒன்றின் பாய் கிழிந்தது. ஒட்டுப்போடத் துணி கிடைக்கவில்லை. அம்மாவே கவுனைப் பிரித்துக் கொடுத்தாள். நான் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

தோணி புறப்படுகிற அன்று அப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்.

"அங்கன பாரு. பழுப்புப் பாயில வெள்ளையா ஒரு சதுரம் தெரியுதா?"

தெரிந்தது. கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன மாதம் கொள்ளுப்பேத்திக்குப் புது நன்மை. நல்ல கவுன், முத்து வைத்தது. பிள்ளை தேவதை மாதிரி இருந்தாள். மறுநாளே உறையில் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறதே, அது போதும்.

என் பீரோவிலும் சேலைக்குக் குறைவில்லை... அதில் ஒன்றுகூடக் கடல் தாண்டியதில்லை.