இருபது ரூபாய்க்கு என் கையெழுத்து

ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த அந்த நவம்பர் மாதம். திருவிடந்தையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நான் டிபன் கடை போட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. காதில் கழுத்தில் கிடந்ததையெல்லாம் அடகு வைத்துப் போட்ட கடை.

மறுநாள் காலையிலேயே வியாபாரம் ஆட்டம் கண்டுவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் பழைய ஐநூறை நீட்டினார்கள். பிறகு புது இரண்டாயிரம் வந்தது. அது அதைவிட மோசம். முப்பது ரூபாய் தோசைக்கு மீதி கொடுக்க நான் எங்கே போவேன்? பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்கள் சாப்பிடாமலே திரும்பிப் போனார்கள். புளித்த மாவை நாங்களே தின்று தீர்த்தோம்.

"கொஞ்ச நாளு மூடிட்டு வூட்ல கெட. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார் கணவர். எனக்குச் சுருக்கென்றது. புதுக்கடையை ஒருமுறை மூடினால் அப்புறம் திறக்கவே முடியாது. நகையும் மூழ்கிவிடும்.

பரணில் எங்கள் கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு மிச்சம் இருந்தது. எடுத்துத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் கையெழுத்துப் போட்டேன். ஒரு சீட்டு இருபது ரூபாய், ஒரு பிளேட் இட்லி. கொத்தனார்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு இரண்டாயிரத்தைக் கொடுத்து, ஆளுக்கு இருபத்தைந்து சீட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த நோட்டை அப்படியே திருப்போரூர் மளிகைக் கடையில் கொடுத்து அரிசியும் உளுந்தும் எடுத்துவந்தேன். "நம்ம கல்யாணத்தையே வெட்டிக்கினு கீறியே" என்று தலையில் அடித்துக்கொண்ட கணவர், சாயங்காலம் தானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் என் சீட்டை வாங்கிக்கொண்டு டீ கொடுத்தார். பஞ்சர் கடைக்காரரும் வாங்கினார். இரண்டு பேரும் சாப்பிட வருவது என் கடைக்குத்தானே.

ஒருநாள் முன்பின் பார்த்திராத ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினார்.

"யக்கா, திருப்போரூர்ல ஒர்த்தன் சில்லறை இல்லனு, திருவிடந்த இட்லிக் கடைல குடுனு சொல்லி இத்தக் குடுத்துட்டுப் பூட்டான். இது இங்க செல்லுமா?"

"செல்லும். குந்துங்கண்ணா, இட்லி சூடா கீது" என்றேன். நகையை அடகு வைத்த அன்று, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று தடவை போட வைத்தார்கள். அதே கையெழுத்து திருப்போரூர் வரைக்கும் போய் ஆட்டோவுக்குக் கூலி கொடுத்திருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில்லறை வந்து சேர்வதற்குள் போட்ட சீட்டெல்லாம் கடைக்குத் திரும்பிவிட்டது. ஒரு போலிகூட வரவில்லை. அடுத்த ஆடிக்குள் நகையை மீட்டுவிட்டேன். கடை இன்றைக்கும் ஓடுகிறது.

புதிதாக எதையாவது தொடங்கப் பயம் வரும்போதெல்லாம், என் பெயர்கூடத் தெரியாத ஒருவர் என் கையெழுத்தை நம்பிப் பசியோடு வந்து நின்றதை நினைத்துக்கொள்வேன். அதைவிடப் பெரிய வெற்றி எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.