என் வீட்டில் பிறந்த கட்சி

சண்டைக்குப் பயந்து மூன்று மாதம் மண்டூரில் சின்னம்மா வீட்டில் கிடந்துவிட்டுக் கல்லடிக்குத் திரும்பி வந்தால், என் வீட்டில் ஓர் இயக்கம் குடியிருந்தது. முன்பு அரசாங்கத்தோடு சண்டை பிடித்து, பிறகு அதே அரசாங்கத்தோடு சேர்ந்துகொண்டவர்கள். வாசல் படலையில் காவல், விறாந்தையில் துவக்கும் தோட்டாவும், உடுப்புக் கொடியில் யாரோ ஒருவனின் சாரம். உள்ளே போய் என் சேலைகளை எடுத்துவர விட்டதையே பெரிய உபகாரமாகச் சொன்னார்கள். அடுத்த தெருவில் தங்கச்சி வீட்டுக் குசினிப் பக்கம் ஒதுங்கினோம்.

என் வீடு என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் எனக்குத் தந்தது, நான் என் மகளுக்குக் கொடுக்க வேண்டியது. மகளுக்குக் கல்யாணமும் பேசியாகிவிட்டது. எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைப்பது என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்தது.

அரசாங்கம் கச்சேரிக் கந்தோரில் இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு வருடத்துக்குள் அது என் முன்கூடத்துக்கு வந்துவிட்டது. பிடிபட்ட மகனை விடுவிக்க, இடமாற்றம் எடுக்க, சிபாரிசுக் கடிதத்துண்டு வாங்க என்று சனம் என் மாமரத்தடியில் வரிசையில் நின்றது. கொழும்பில் இருந்த மந்திரிக்கு இவர்கள் தேவை, இவர்களுக்கு மந்திரி தேவை. கட்சி எப்படிப் பிறக்கிறது என்று எனக்கு எவரும் படிப்பிக்க வேண்டாம். என் வீட்டில்தான் பிறந்தது. பிரசவம் பார்த்த எனக்கு ஒரு நன்றிகூட இல்லை.

தேர்தல் வந்தது. இயக்கம் கட்சியாகப் பதிந்து, அரசாங்கத்தோடு கூட்டாக நின்றது. அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை போட வேண்டுமாம், வீட்டுக்காரர் மனமொத்துக் கொடுத்ததாகக் கடிதம் வேண்டுமாம். முதலில் என் புருஷனைக் கூப்பிட்டார்கள். அவர், வீடு மனைவியுடையது, தான் ஒரு பெட்டியோடு வந்து ஏறியவன் என்று சொல்லித் தப்பிவிட்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

பிறகு என்னை அழைத்தார்கள். அவர்களின் பொறுப்பாளர் என் கல்யாணத்துக்கு வாங்கிய சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி இருந்தார். நான் நின்றேன். என் வீட்டில் நான் நின்றேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தட்டச்சில் அடித்த கடிதத்தை நீட்டினார்.

“வரக்குள்ள கேட்டீங்களா தம்பி? இப்ப மட்டும் என்னத்துக்குக் கேக்கிறீங்க?” என்றேன்.

“அப்ப நாங்க இயக்கம் அக்கா. இப்ப கட்சி.”

அடுத்த தெருவில் இவர்களிடம் இப்படி வாய் கொடுத்த ஒருவர் திரும்பி வரவில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டால் என் மகளுக்கு வீடு இல்லை.

“கட்சி எண்டா மாட்டன் எண்டு சொல்லலாம்தானே. மாட்டன்” என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எழும்பிப் போய் வேலியால் எட்டிப் பார்த்தேன். புருஷனுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு பலகையையும் மேசைகளையும் ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு, வெளிநாட்டில் இருந்த யாருடையதோ வீட்டுக்குப் போனார்கள். தேர்தலைக் கண்காணிக்க வெளியாட்கள் வருவதால் சச்சரவு வேண்டாம் என்று மேலிடம் சொன்னதாகக் கேள்வி. நல்ல மனத்தால் போனார்கள் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. அவர்கள் நாசமாக்கிவிட்டுப் போன கிணற்றை இறைக்கவே மூன்று நாள் எடுத்தது. மகளின் கல்யாணம் அந்த வீட்டிலேயே நடந்தது.

அடுத்த தேர்தலுக்கு அதே பொறுப்பாளர் வெள்ளை வேட்டியோடு வாக்குக் கேட்டு வந்தார். பின்னால் துவக்குக்காரர் இருவர் படலையோடு நின்றுகொண்டார்கள். விறாந்தையில் அதே சாய்மனைக் கதிரை. பழக்கத்தில் இருக்கப் போனவர், பாதி குனிந்தபடியே என்னைப் பார்த்தார்.

“இரிக்கலாமா அக்கா?”

“இல்ல” என்றேன்.

நின்றபடியேதான் வாக்குக் கேட்டார்.