டேப் அக்காவின் மூடாத உறை

கிடங்கில் எல்லோருக்கும் அவர் டேப் அக்கா. பெட்டியை மூடி, டேப்பை இழுத்து, பல்லால் கடித்து ஒட்டுவார். அவர் கை பட்ட பெட்டி வழியில் பிரிந்ததே இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

இதய வால்வு மாற்றி, ஓய்வு முடிந்து திரும்பிய அன்று, சாப்பாட்டு நேரத்தில் வேடிக்கையாகச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் நான் மூடுறேன். டாக்டர் என் இதயத்தைச் சுத்தி இருக்கிற உறையைத் தைக்காம திறந்தே விட்டுட்டாராம். மேல எலும்பையும் தோலையும் மட்டும் மூடியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அதே டாக்டரிடம் இதய ஆபரேஷனுக்கு நெஞ்சைக் கொடுத்தவர் அவர்.

"திறந்த ஆளு பெட்டியைத் தொட வேண்டாம். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? எனக்கு மூடித்தான் அனுப்பினாங்க. வாட்ச்மேன் அண்ணனுக்கும் வேற ஆஸ்பத்திரியில இதய ஆபரேஷன் பண்ணி மூடியிருக்கு."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். அன்று முதல் அவருக்கு சூப்பர்வைசர் மேசையில் சாப்பாடு. டேப் அக்காவுக்கு வாசலில் ஒரு ஸ்டூல், வேலை கிடையாது. மனிதரை மேல், கீழ் என்று அடுக்க நமக்கு ஒரு சாக்கு போதும். நெஞ்செலும்புக்குப் பின்னால் கிடந்தாலும் தோண்டி எடுத்துவிடுவோம்.

"வாங்க சார், டாக்டர்கிட்டயே கேப்போம்" என்று சூப்பர்வைசரை இழுத்துக்கொண்டு போனார் அக்கா.

டாக்டர் சொன்னார்: "மூடினா, உள்ள ரத்தம் கசியும்போது இதயத்தை அமுக்கிடலாம். திறந்து விட்டா, மறுபடி ஆபரேஷன் பண்றப்ப இதயம் எலும்போட ஒட்டிக்கிட்டு இருக்கும். எது நல்லதுன்னு எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயலை. இந்தம்மா தாராளமா வேலை பாக்கலாம்."

"எனக்கு மூடினீங்கதானே சார்?"

"இல்லையே. நான் யாருக்கும் மூடுறதில்லை."

திரும்பும் வழியெல்லாம் சூப்பர்வைசர் நெஞ்சில் கை வைத்தபடி வந்தார். மறுநாள் காலை புது உத்தரவு போட்டார்.

"திறந்த நெஞ்சுதான் காத்தோட்டமானது. மூடினவங்களை நம்ப முடியாது. அண்ணே, நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க. அக்கா, நீ உள்ள வாம்மா."

அக்கா உள்ளே போனார். டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கிளம்ப மனமில்லாமல் வாசலில் நின்ற வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்காக உன் பொழைப்பைக் கெடுத்துக்காதம்மா."

"சும்மா இருங்கண்ணே."

மாலைக்குள் லாரி ஹாரன் அடிக்கத் தொடங்கியது. மூடாத பெட்டிகள் கூரை வரை நின்றன. சூப்பர்வைசர் வியர்வையோடு ஓடி வந்தார்.

"ஒரு அம்பது பெட்டியாவது மூடிக் குடும்மா."

"திறந்தே போகட்டும் சார். காத்தோட்டமா இருக்கும்."

மறுபடியும் ஹாரன். சூப்பர்வைசர் லாரியைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார்.

"அண்ணே," என்றார் வாட்ச்மேனிடம், "கேட்டைத் திறங்க. உங்க வேலைதானே அது."

அக்கா டேப்பைப் பல்லில் கடித்தார்.