விசாரிக்க இரண்டு பெயர்கள்

என் தன்விவரக் குறிப்பு முதலில் முப்பத்தொரு பக்கம் இருந்தது. நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அப்படித்தான் பழகியவர்கள். வேலைக்கு மனுப் போட்டால் பிறப்புப் பத்திரம் தொடங்கிப் பள்ளி ஓட்டப்பந்தயச் சான்றிதழ் வரை நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியரின் முத்திரை வாங்கி, பிளாஸ்டிக் கோப்பில் செருகிக் கொடுப்போம். ஆனால் சுங்கைப் பட்டாணி நகரின் தனியார் மருத்துவமனை, தாதி வேலைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தது.

பீடோங்கில் நான் வாடகைக்கு இருக்கும் மாடியறையில் மேசை ஒன்று, கோப்புகள் நான்கு. தட்டச்சும் ஆங்கிலக் கடிதமும் நானாகக் கற்றவை. ஆகவே யாரிடமும் கேட்காமல் நானே குறைக்கத் தொடங்கினேன்.

குருணில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்தேன். கையுறையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்த்திருக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி கசிந்தாலும் எழுதி வைக்க வேண்டும். 2020இல் ஒரு தொகுதிக் கையுறைகளைக் கசிகிறதென்று நான் தள்ளினேன். மறுநாள் அது தேறிவிட்டதாக என் பெயரிலேயே பதிவாகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து புகார் வந்ததும் விசாரணை வைத்தார்கள். நான் முதலில் எழுதிய தாளின் நகலை எடுத்து நீட்டினேன். அந்தத் தாளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அனுமதியின்றி நிறுவன ஆவணத்தை நகலெடுத்தேன் என்று என்னை நீக்கினார்கள். அந்தக் கடிதம் மூன்றாம் கோப்பில், பதினேழாம் தாள்.

பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஆயிரமாயிரம் கையுறைகளைப் பார்த்திருந்த நான், அங்கேதான் முதன்முதலில் ஒன்றை அணிந்து இன்னொரு மனிதரைத் தொட்டேன். முப்பத்திரண்டாம் வயதில் தாதியர் கல்லூரிக்குப் போனேன். வகுப்பில் எல்லாரும் என்னை ஆன்ட்டி என்றார்கள். மூன்று ஆண்டுகள் மதிய உணவைப் படிக்கட்டில் தனியாகச் சாப்பிட்டேன். தேறினேன்.

இவற்றையெல்லாம் இரண்டு பக்கத்தில் அடக்கிவிட முடிந்தது. நீக்கப்பட்டதையும் ஒரு வரியில் எழுதினேன். மறைத்தால் பதினொரு ஆண்டுகளையும் மறைக்க வேண்டும். கடைசிப் பகுதியில்தான் நின்றுவிட்டேன். உறவினர் அல்லாத இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். அவர்களில் ஒருவர் முந்தைய வேலையில் உடனிருந்தவராக இருக்க வேண்டும். முதல் பெயர், நான் பயிற்சி பெற்ற வார்டின் சிஸ்டர் சாந்தினி. இரண்டாவது இடம் ஒன்பது நாள் வெறுமையாகக் கிடந்தது. நான்கு கோப்புகளையும் புரட்டினேன். கையெழுத்துகள் நிறைய இருந்தன. அழைத்தால் எனக்காகப் பேசக்கூடியவர் எவரும் இல்லை.

மிஞ்சியவர் சம்சியா அக்கா. பதினொரு ஆண்டும் எனக்குப் பக்கத்து மேசை. விசாரணையில், "எனக்கு ஞாபகமில்லை" என்று கையெழுத்திட்டவர். இருபத்திரண்டாம் தாள்.

அவர் வேலையை விட்டுக் கணவரோடு குருணில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார் என்று தெரியும். விண்ணப்பம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பேருந்து ஏறினேன்.

"யாரு, மணியா?" கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். "நவமணிதானே? வா லா, உள்ள வா. ஆஸ்பத்திரி மிஸ்ஸியா ஆயிட்டியாமே! இனிமே எங்களுக்கெல்லாம் நீதான் ஊசி போடப் போறியா?"

"போடுறேன்க்கா. நல்லா வலிக்கிற எடமா பாத்து."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"என் பேரா? அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு..."

"நீங்க கையெழுத்துப் போட்ட தாளோட கோப்பி இருக்குக்கா."

"இருக்கும் லா. நீ மூக்கு சிந்துன டிஷ்யூவுக்கும் கோப்பி வெச்சிருப்ப." தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப என் வீட்டுக்காரர் ஜைனலுக்கும் அங்கதான் வேலை. ரெண்டு பேரையும் தூக்கிட்டா எங்க போறது சொல்லு? நீ ரிஜெக்ட் எழுதினத நான் பாத்தேன் மணி. சுண்டுவிரல்ல ஒழுகுச்சு. நீ என்னையக் கூப்பிட்டுக் காட்டுன."

ஐந்து ஆண்டுகளாக நான் கேட்க விரும்பிய சொற்கள் அவை. என் கை தானாகவே பைக்குள் போய் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டது. அவர் தாளைப் பார்த்தார். முகம் மாறியது.

"எழுதித் தரணுமா? அதுக்குத்தான் வந்தியா?"

எழுதித் தந்தால் மூன்றாம் கோப்பு முழுமையடையும். ஆனால் அவர் எழுந்துவிடுவார் என்று தெரிந்தது. இரண்டாவது பெயரும் அவரோடு போய்விடும். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"இல்லக்கா. போன் வந்தா எடுங்க. அது போதும்."

அன்றே விண்ணப்பத்தை முடித்தேன். எத்தனை ஆண்டுகளாகப் பழக்கம் என்ற இடத்தில் சற்றுத் தயங்கினேன். பேசாமலிருந்த ஐந்து ஆண்டுகளைக் கழிப்பதா? பதினாறு என்று எழுதினேன்.

நேர்காணல் நடந்த வாரத்தில் ஒரு காலையில் அக்கா அழைத்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க. அந்தக் கையுறை லாட் பத்தியும் கேட்டாங்க. பாத்தத சொல்லிட்டேன்."

"யாருக்கா பேசுனது? எத்தனை மணிக்கு?"

"பாரு! இப்பவே பேனா எடுத்துட்ட."

எடுத்திருந்தேன்.

நேற்று நியமனக் கடிதம் வந்தது. இரண்டு நகல் எடுத்தேன். காட்ட எவருமில்லை, நாற்காலியில் உட்கார்ந்து நானே மூன்று முறை வாசித்தேன். கூடவே ஒரு படிவம் இருந்தது. திங்கட்கிழமை நிரப்பிக் கொண்டு வர வேண்டும். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டம் மட்டும் பாக்கி.

கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். இப்போது மதிய நேரம், கடையில் கூட்டமாக இருக்கும். மூன்று மணிக்கு மேல் அழைக்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.